பேரிங் எண்ணி ரீல் வாங்காதீங்க: தூண்டில்காரங்க கேள்வி-பதில்

இந்த தடவை கடல்ல தூண்டில் போடுறவங்க கடிதம்தான் ஜாஸ்தி. நிறைய வெட்டியிருக்கேன், கோச்சுக்காதீங்க. மூணு பக்கம் சூரிய உதயத்தை வர்ணிச்சுட்டு கடைசி வரியில கேள்வி கேட்டா நான் என்ன பண்றது.

சார், நல்ல ராடு எது? (வேளச்சேரி)

எந்த மீனுக்கு, கரையிலேர்ந்தா படகுலேர்ந்தா, கையில எவ்வளவு காசு? சைஸ் சொல்லாம செருப்பு கேக்கறீங்க. மறுபடி எழுதுங்க.

கோவளம் பீச்சுல கிழங்கான், கெளுத்தி பிடிக்கணும், முட்டுக்காடு பக்கம் கொடுவாவுக்கும் ஆசை இருக்கு. பட்ஜெட் 5,000. ஒரே செட்டு போதுமா? (திருவான்மியூர்)

இப்படி கேளுங்கப்பா, பதில் சொல்ல கையே பரபரங்குது. ரெண்டு செட்டு இருந்தா நல்லதுதான், ஆனா இந்த காசுக்கு ரெண்டு வாங்கினா ரெண்டும் குப்பையாத்தான் வரும், அதனால இப்போதைக்கு ஒண்ணு வாங்குங்க. 8 அடி ராடு, கைப்பிடிக்கு மேல 15-40 கிராம்னு எழுதியிருக்கும் பாருங்க, அந்த ராடு வீசற எடை அதுதான், அதை படிக்காம 100 கிராம் ஈயத்தை கட்டி வீசிட்டு அப்புறம் எனக்கு கடிதம் போடாதீங்க. 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு தாங்கற பிரெய்டு, அதாவது பின்னின தூண்டில் நரம்பு, நுனியில 40 பவுண்டு லீடர்னு ஒரு தனி நரம்புத் துண்டு ரெண்டு முழம். லீடர் எதுக்குன்னா கொடுவாவோட செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, வெறும் பிரெய்டு அதுல ஒரு உரசல் உரசினா போச்சு. கிழங்கானுக்கு தூரமே தேவையில்ல, முழங்கால் தண்ணியிலயே மேயும். 12 அடி ராடை தூக்கிட்டு வந்து மீன் தலைக்கு மேல 80 மீட்டர் தாண்டி வீசறவங்களை வாரா வாரம் பாக்கறேன்.

ராடும் ரீலும் 4,000க்குள்ள முடிச்சுக்கோங்க. மிச்சம் 1,000ல தூண்டில் முள்ளு, நரம்பு முறுக்காம இருக்க ஸ்விவல், லீடர், முக்கியமா ஒரு பிளையர். கெளுத்தியை கையால பிடிச்சு முள்ளை எடுக்க போனீங்கன்னா அது முதுகுல இருக்கற முள்ளு உங்களை பிடிச்சுடும், அதுல விஷம் இருக்கு. குத்திட்டா தாங்கற சூட்டுல வெந்நீர்ல கைய வெச்சு ஊற விடுங்க, வலி விடலேன்னா ஆஸ்பத்திரி.

ஆன்லைன்ல 1,299க்கு 13+1 பேரிங் ரீல் வருது. கடையில 3,500 சொல்றாங்க, அதுல 4+1 தான். பேரிங் ஜாஸ்தி இருக்கறதுதானே பெட்டர்? (புதுச்சேரி)

இந்த கேள்வி எப்போ வரும்னு காத்துகிட்டிருந்தேன், உக்காருங்க.

நானும் வாங்கினேன். 1,100 ரூபாய், 14+1, பெட்டி மேல தங்க எழுத்து. முதல் ரெண்டு தடவை வெண்ணெய் மாதிரி சுத்துச்சு. மூணாவது தடவை முட்டுக்காட்டுல இருந்து வந்த மறுநாள் கைப்பிடி அசையல. மொட்டை மாடியில பேப்பர் விரிச்சு பிரிச்சேன், சைடு மூடியை திறந்ததும் டீ கலர்ல தண்ணி வழிஞ்சுது. உள்ள கிரீஸ்ங்கறது பொட்டு வெச்ச அளவுக்கு இருந்துச்சு. பேரிங்கை ஒண்ணொண்ணா எடுத்து பேப்பர்ல வெச்சு எண்ணினா மொத்தம் அஞ்சு. மத்த இடத்துல எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் வளையம்.

விஷயம் என்னன்னா, ரீலுக்கு பேரிங் அவசியமான இடம் கொஞ்சம்தான். பெரிய பல் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும், அதோட சேந்து சுத்தற சின்ன பல் சக்கரம் பினியனுக்கு, அப்புறம் நரம்பு திரும்பி வர்ற லைன் ரோலருக்கு. அந்த +1ங்கறது கைப்பிடி பின்னாடி சுத்தாம தடுக்கற ஒருவழி பேரிங். மீதியெல்லாம் கைப்பிடி குமிழுக்குள்ள, இங்க அங்கன்னு கணக்கு காட்ட சொருகறது. உப்புத்தண்ணியில பேரிங் ஏற ஏற துருப்பிடிக்கற இடமும் ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. நாலு நல்ல பேரிங், ஒழுங்கா சீல் பண்ணது, எவ்வளவோ மேல்.

அடுத்த புருடா டிராக், அதாவது மீன் இழுக்கறப்போ நரம்பை விட்டுக்குடுக்கற பிடிப்பு. "15 கிலோ டிராக்"னு போட்டிருப்பான். உங்க நரம்பு 20 பவுண்டு, சுமார் 9 கிலோ. டிராக்கை அதுல கால் பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்குக்குள்ளதான் வைக்கணும், அதாவது 2, 3 கிலோ. 15 கிலோவுக்கு இறுக்கினா மீன் ஓடறதுக்கு முன்னாடி நரம்பு ஓடிடும். கடையில எண்ணை பாக்காதீங்க, டிராக்கை லேசா வெச்சு நரம்பை மெதுவா இழுத்து பாருங்க, ஒரே சீரா வரணும், விக்கி விக்கி வந்தா வெச்சுட்டு வாங்க. லைன் ரோலரை விரலால தள்ளி பாருங்க, சுத்தணும். ரீல் உடம்பை ஒரு கையில இறுக்கி பிடிச்சு கைப்பிடியை சுத்துங்க, வளையுதுன்னா அது பொம்மை.

பெட்டியையும் திருப்பி பாருங்க. இறக்குமதி பண்ணவங்க பேர் விலாசம், எந்த நாட்டுல செஞ்சது, எம்.ஆர்.பி., இதெல்லாம் சட்டப்படி அச்சடிச்சிருக்கணும். என் பெட்டியில தங்க எழுத்து மட்டும்தான் இருந்துச்சு, அதையும் நான் அன்னிக்கு ரசிச்சேன்னு நினைச்சா இப்பவும் எரியுது.

சோஷியல் மீடியாவுல பாத்து ஒரு ஜப்பான் பிராண்டு ரீலுக்கு 6,500 யூபிஐல அனுப்பினேன். வந்தது போலி, பேர்ல ஒரு எழுத்தே மாறியிருக்கு. கேட்டதும் பிளாக் பண்ணிட்டாங்க. பார்ட் டைம் வேலை பாத்து சேத்த காசு. (நாகர்கோவில், மாணவர்)

தம்பி, முதல்ல ஒண்ணு, "நான்தான் முட்டாள்"னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியை நான் வெட்டிட்டேன். ஏமாத்தினவன் வெக்கப்படணும், நீங்க இல்ல.

இதை படிக்கற நிமிஷமே 1930க்கு போன் போடுங்க, அது சைபர் மோசடிக்கான நம்பர். அதோட தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிவு பண்ணுங்க. பேங்க்குக்கும் எழுத்துல சொல்லுங்க. யூபிஐ பரிவர்த்தனை எண், சாட் ஸ்கிரீன்ஷாட், பார்சல் கவர் எதையும் தூக்கி போடாதீங்க. காசு முழுசா திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன், சீக்கிரம் சொன்னா அந்த கணக்குல இருக்கற பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கு, நாள் தள்ளினா அதுவும் போச்சு.

மத்தவங்களுக்கு: பிராண்டு ரீலோட எடை அந்தந்த கம்பெனி தளத்துல கிராம் கணக்குல போட்டிருப்பாங்க. சமையல் தராசுல வெச்சு பாருங்க. அம்பது கிராம் வித்தியாசம் வந்தா சந்தேகப்பட்டே ஆகணும்.

மூணு கிலோ பாறை மீனை பாலத்து மேலேர்ந்து ராடாலயே தூக்கினேன், நுனி உடைஞ்சுது. வாரண்டி தர மாட்டேங்கறாங்க. (எண்ணூர்)

தர மாட்டாங்க. நானா இருந்தாலும் தர மாட்டேன். அடுத்த தடவை கயிறு கட்டின வலையை இறக்கி தூக்குங்க.

மன்னார் வளைகுடா தீவுல டென்ட் போட்டு ராத்திரி மீன்பிடி பேக்கேஜ்னு 2,000 அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. நம்பலாமா? (மதுரை)

நம்பாதீங்க. அந்த 21 தீவும் 1986லயே கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்ச இடம். வனத்துறை அனுமதி இல்லாம கால் வெச்சா மாட்டறது நீங்க, பேக்கேஜ்காரன் இல்ல. அட்வான்ஸை திருப்பி கேளுங்க, இன்னிக்கே.

வாங்கின அன்னியிலேர்ந்து ரீலோட பெயில் கம்பி (நரம்பை ரீல்ல சுத்த வைக்கற வளைவு கம்பி) மூடல. கடைக்காரர் "விற்ற பொருள் திரும்ப பெறப்பட மாட்டாது" போர்டை காட்டறார். பில் போட்டா விலை ஏறும்னு சொன்னதால பில் வாங்கல. (தூத்துக்குடி)

முதல் ரெண்டு வரி படிச்சதும் உங்க பக்கம் நின்னு சண்டை போட கிளம்பிட்டேன், மூணாவது வரியில உக்கார வெச்சுட்டீங்க. அந்த சின்ன காசுக்கு ஆசைப்பட்டு கையில இருந்த ஒரே ஆயுதத்தை கடையிலயே விட்டுட்டு வந்திருக்கீங்க.

சரி, போகட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி பழுதான பொருளை பில்லுல போட்ட காலத்துக்குள்ள, எதுவும் போடலேன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுக்க மறுக்கறது முறையற்ற வணிகம். பில் தராததும் அதே கணக்குதான். போர்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. (நிறம் பிடிக்கலைங்கறதுக்கு இந்த சட்டம் வராது, அதையும் சொல்லிடறேன்.) யூபிஐல குடுத்திருந்தா அந்த பதிவை எடுத்து வெச்சு நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடுங்க. மசியலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், குடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

வீட்டுக்காரருக்கு பிறந்தநாள். ராடு, ரீலெல்லாம் அலமாரி நிறைய இருக்கு. வேற என்ன வாங்கலாம்? (கடலூர்)

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வாங்குங்கம்மா, தண்ணி மேல கூசாது. கடையில லேப்டாப் ஸ்கிரீனுக்கு முன்னாடி கண்ணாடியை பிடிச்சு மெதுவா திருப்பி பாருங்க, ஒரு கோணத்துல ஸ்கிரீன் இருட்டாகணும். ஆகலேன்னா அது சும்மா கறுப்பு பிளாஸ்டிக். ஸ்டிக்கரை நம்பி ரெண்டு வாங்கினவன் சொல்றேன்.

சீலாவுக்கு போனா லீடரே அறுந்துடுது. (காசிமேடு)

பல்லு. ஒரு சாண் ஸ்டீல் வயர் போடுங்க. உங்க ஊர்ல சீலான்னா வஞ்சிரம்ங்கறதால தூத்துக்குடிக்காரங்க குழம்ப வேண்டாம், இவர் சொல்றது உங்க ஊர் ஊளியை, வஞ்சிரத்தை இல்ல. அதுக்கும் வயர்தான்னு வைங்க.

ஒரு டிப்ஸ்: இறாலை உரிச்சு கல்லுப்புல புரட்டி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜுல வெச்சா கெட்டியாயிடும், எவ்வளவு வேகமா வீசினாலும் முள்ளுல இருந்து கழலாது. (ராமநாதபுரம்)

செஞ்சு பாத்தேன், நிஜம். மெல்லிசா தையல் நூல் ரெண்டு சுத்து சுத்தினா சின்ன மீன் கொத்தி கொத்தி இழுத்தாலும் நிக்குது. ஒண்ணே ஒண்ணு, டப்பா மேல "தூண்டிலுக்கு"ன்னு எழுதி ஒட்டுங்க. எங்க வீட்ல அது ஒரு ஞாயித்துக்கிழமை தொக்கா வந்துச்சு, மாமனார் முதல் வாயிலயே தண்ணி கேட்டார்.