நூல்கண்டு வாங்கியே காசு கரையுது அக்கா, நிறுத்திடணுமா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 34 வயசு, சென்னையில வேலை, வீட்டுக்காரரும் அங்கதான். சம்பளம் இல்லாத லீவு மூணு மாசம் போட்டுட்டு 4 வயசு பொண்ணோட கடலூர் மஞ்சக்குப்பத்துல அம்மா வீட்ல இருக்கேன், ஆறு வாரம் ஓடிப்போச்சு. காலையில டிபன் முடிஞ்சு ஊசியை எடுத்தா மத்தியானம் வரைக்கும் பின்னிக்கிட்டே இருப்பேன், அம்மா பக்கத்துல கீரை ஆய்வாங்க, பொண்ணு நூலை உருட்டி விளையாடும். இப்படி இருந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா நூலுக்கு மட்டும் 11,400 ரூபா போயிருக்கு, பாதி ஆன்லைன், பாதி பாண்டி வர்றப்பல்லாம். அதுல 8,600 கிரெடிட் கார்டுல நிக்குது, போன மாசம் மினிமம் மட்டும் கட்டினேன். பேங்க்ல 1,80,000 இருக்கு. ஸ்கூட்டி லோன், இன்சூரன்ஸ், மாமியார் மாத்திரைன்னு மாசம் 18,000 கட்டாயம் போகும், சென்னை திரும்பினா என் பங்கு 35,000. அவர் ஒண்ணும் சொல்லல, சிரிக்கிறாரு. அம்மாதான் இதை வித்தா நாலு காசு வருமேங்கறாங்க. நிறுத்தணுமா, பிசினஸா மாத்தணுமா?

பதில்: ரெண்டும் வேணாம்மா. ஆனா லெட்டர்ல நீங்க போற போக்குல சொல்லிட்டுப் போன விஷயம்தான் எனக்குப் பெருசா பட்டுச்சு, அந்த மினிமம். கையில 1,80,000 வச்சிக்கிட்டு கார்டுல மினிமம் கட்டுறது ஏன்னு எனக்குப் புரியல, சேவிங்ஸை தொட மனசு வரலன்னு நினைக்கிறேன், நிறைய பேர் அப்படித்தான். சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வருஷத்துக்கு மூணு சதவீதம் வந்தாலே அதிகம், கார்டுக்காரன் மாசத்துக்கே மூணரை சதவீதம் மாதிரி போடுவான், 8,600க்கு 300 ரூபா, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மாசம் 350 சொச்சம். அது ரெண்டு நல்ல கண்டு விலை. இன்னொண்ணு, முழுசா கட்டாம மினிமம் கட்டிட்டா அடுத்து வாங்குற பொருளுக்கு வட்டியில்லாத நாளும் கிடையாது, வாங்கின அன்னிலேருந்தே வட்டி ஓடும். இன்னிக்கு ராத்திரியே முழுசா கட்டிடுங்க. ஈஎம்ஐயா மாத்தித் தர்றோம்னு மெசேஜ் வந்தாலும் மாத்தாதீங்க, ப்ராசஸிங் ஃபீஸ்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்.

இப்போ மீதி கணக்கு. லீவு இன்னும் ஆறு வாரம்தானேன்னு நினைப்பீங்க, ஆனா வேலையில சேந்த அன்னிக்கே சம்பளம் வராது, மாசக் கடைசிக்குத்தான், அதனால மூணு மாசத்துக்குன்னு எடுத்துக்குங்க. மூணு 18,000, அதாவது 54,000. போக 1,26,000. சென்னை செலவு மூணு மாசத்துக்கு 1,05,000, அதை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. மிச்சம் 21,000, கார்டுக்கு 8,600 போனா 12,400. இதுதான் உங்க நிஜமான லீவு காசு. நூலுக்கு 4,000, அம்மாவோட பொண்ணோட வெளிய போக வர 5,000, மீதி சும்மா கிடக்கட்டும். இந்த 9,000த்தை மட்டும் தனி அக்கவுண்ட்ல போட்டு அதோட கார்டை மட்டும் கையில வச்சிக்குங்க, தீந்தா தீந்துச்சு.

அந்த 1,05,000 பத்தி இவ்ளோ கறாரா ஏன் சொல்றேன்னா, 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்போ நீங்களும் பாத்திருப்பீங்க, கடலூர்லயும் இங்க பாண்டியிலயும் எத்தனை நாள் கரண்ட் இல்ல. பேங்க்ல பணம் இருந்தும் ஏடிஎம்மு வேலை செய்யாம நின்னவங்கள்ல நானும் ஒருத்தி. அதனால அதுல ஒரு 5,000 நோட்டா வீட்ல இருக்கட்டும்.

நூல் வாங்குறதுல கம்மியா வாங்குங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், கம்மியா வாங்கினா அதுதான் நஷ்டம். ஆறு கண்டு வேண்டிய சால்வைக்கு மூணு வாங்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா, அடுத்த தடவை அதே கலர்ல வேற லாட் வரும், அதாவது வேற தடவை சாயம் போட்டது, பக்கத்துல பக்கத்துல வச்சா கோடு விழுந்த மாதிரி தெரியும், பாதியில நிறுத்தி திரும்ப ஆறும் வாங்குவீங்க. லேபிள்ல லாட் நம்பர் பாத்து ஒரே தடவையில முழுசா வாங்குங்க, ஆனா ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. ஆஃபர்ல இருக்கேன்னு எதுக்குன்னே தெரியாம வாங்குறதுதான் காசை முழுங்குது. நம்ம ஊர் கடல் காத்துக்கு பருத்தி நூல் ஈரம் புடிச்சு பூசணம் வைக்கும், கம்பளி நூலா இருந்தா அந்துப்பூச்சி வேற, பீரோவுல பூட்டி வச்ச நூலு நகை மாதிரி மதிப்பு ஏறாது. ஒரு நாள் எல்லாத்தையும் பாயில கொட்டி பொண்ண விட்டு எண்ண வைங்க, எண்ணிக்கை பாத்தீங்கன்னா அடுத்த ஆர்டர் கை தானா நிக்கும்.

அம்மா சொல்ற வியாபாரம். கணக்கு போட்டுப் பாருங்க, குழந்தைப் போர்வை ஒண்ணுக்கு 100 கிராம் கண்டு ஆறு, 180 ரூபான்னு வச்சா 1,080. பின்ன 40 மணி நேரம். 2,200க்கு வித்தா நிக்கிறது 1,120, மணிக்கு 28 ரூபா. அதுலயும் கொரியர் யாரு கட்டுறதுன்னு பேரம் வரும். நானே ஒரு காலத்துல ஒரு தோழிக்கு இதைத் தப்பா சொன்னவதான், நல்லா பின்றீங்களே ஆர்டர் எடுங்கன்னேன், ஒரு வருஷத்துல வலிக்கிற மணிக்கட்டோட ஊசியை பரண்ல போட்டுட்டாங்க, இன்னிக்கும் எங்கிட்ட பின்றதப் பத்தி பேச மாட்டாங்க. யாராவது ரொம்ப கேட்டா சின்ன பொம்மை மட்டும் பண்ணிக் குடுங்க, நூல் காசு மொத்தமும் முன்னாடியே வாங்கிட்டு. அவ்ளோதான்.

நான் நூலுக்கு ஆதரவா பேசறதுக்கு ஒரு காரணமும் இருக்கு, எங்கப்பா இங்க பாண்டியில ஏஎஃப்டிங்கிற துணி மில்லுல வேலை பாத்தாரு, 1898ல ஆரம்பிச்ச மில்லு அது, ஷிஃப்டு முடிஞ்சு வர்றப்போ சட்டையெல்லாம் பஞ்சா இருக்கும். எங்க வீட்ல நூல்னா சம்பளம், உங்க வீட்ல நூல்னா லீவு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்க வேணாம். சாயங்காலம் ஊசியை வச்சிட்டு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு அம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, சுண்டல் செலவு வெளிய போக வரன்னு ஒதுக்கின அந்த 5,000லேருந்துதான்.

ரெண்டு வேலை மட்டும் இந்த வாரம் முடிங்க. சம்பளம் இல்லாத லீவுல கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் ஓடுதான்னு ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க, ஓடலன்னா எனக்கு உடனே எழுதுங்க, கணக்கே மாறும். அப்புறம் பொண்ணுக்கு 10 வயசுக்குள்ள போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு தொடங்கலாம், வட்டி இப்போ 8.2 சதவீதம், வருஷத்துக்கு 250 ரூபா கட்டினாலே கணக்கு உயிரோட இருக்கும். பெரிய தொகையெல்லாம் சம்பளம் வந்தப்புறம் பாத்துக்கலாம், இப்போ 250 போதும்.