தோள்பட்டையில் படியும் சுண்ணாம்பு

கேள்வி: எனக்கு வயது 46. வலது தோள்பட்டையில் ஓராண்டாக இலேசான வலி இருந்துவந்தது. உயரத்தில் இருக்கும் பொருளை எடுக்கக் கையைத் தூக்கினால் மட்டும் சுருக்கென்று இருக்கும். பத்து நாட்களுக்கு முன் நள்ளிரவில் வலி திடீரெனக் கூடி, கையை அசைக்கவே முடியாமல் போயிற்று. எக்ஸ்ரே எடுத்ததில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் கால்சியம் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதற்காக நான் சாப்பிட்டுவந்த கால்சியம் மாத்திரையே இதற்குக் காரணமோ என்று பயந்து அதை நிறுத்திவிட்டேன். அறுவை சிகிச்சை செய்தால்தான் இது தீருமா, டாக்டர்?

பதில்: முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனெனில் இதே அச்சத்தைப் பலரும் எழுதுகிறார்கள். உண்ணும் கால்சியம் தோளில் போய்த் தங்குவதில்லை. இந்தப் படிவு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் பொதுவாகச் சரியான அளவிலேயே இருக்கும். தசைநாணின் ஒரு பகுதியில் உள்ள செல்கள் குருத்தெலும்புச் செல்களைப்போல் மாறி, ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியப் படிகங்களைத் தாமே அங்கு சேர்த்துவைக்கின்றன. மேற்கையெலும்பின் தலையில் வந்து இணையும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில்தான் இது மிகுதியாக நேர்கிறது. 30 முதல் 60 வயதுக்குள், பெண்களிடம் சற்று அதிகமாகக் காண்கிறோம். நீரிழிவும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசி மீண்டும் தொடங்குங்கள்.

நீங்கள் சொல்லும் நள்ளிரவு வலிக்கு வருகிறேன். படிவு உருவாகும் காலத்தில் அது சாக்கட்டியைப்போல் இறுகியிருக்கும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், பெரிய தொல்லை தராமல் அப்படியே கிடக்கும். பிறகு ஒரு கட்டத்தில் அதைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்து, துப்புரவு செய்யும் செல்கள் வந்திறங்கி, படிவைக் கரைக்கத் தொடங்குகின்றன. அப்போது அது பற்பசைபோல் இளகி, தசைநாணுக்குள் அழுத்தத்தைக் கூட்டுவதோடு, சில வேளைகளில் தசைநாணுக்கு மேலே உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பைக்குள் கசிந்து கடும் அழற்சியையும் உண்டாக்குகிறது. தாங்கமுடியாத வலி எழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதாவது, நோயாளிக்கு நிலைமை முற்றிவிட்டதாகத் தோன்றும் அதே வேளையில், உடல் அந்தச் சுண்ணாம்பை அகற்றிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயிலும் இந்த வேறுபாடு தெரியும்: இறுகிய படிவு விளிம்பு தெளிவாக வெள்ளை வெளேரென்றும், கரையும் படிவு பஞ்சுப்பொதிபோல் கலங்கியும் காணப்படும். உங்கள் படத்தில் எது இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையை முடிவு செய்வதில் படிவின் அளவைப் போலவே அதற்கும் பங்குண்டு.

எக்ஸ்ரேயோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுத்தால் பெரும்பாலும் போதும். எம்.ஆர்.ஐ.யில் கால்சியமும் தசைநாணும் இரண்டுமே கறுப்பாகத் தெரிவதால் சிறிய படிவு தப்பிவிடக்கூடும். தசைநாண் கிழிந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் அது பயன்படும். காய்ச்சலோடு தோள் சிவந்து சூடாக இருந்தால், அது மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோள்வலியோடு மார்பு இறுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் இதயத்தை உடனே சோதிக்க வேண்டும்.

இப்போதைய கடும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அதுவரை அழற்சியைக் குறைக்கும் வலிமாத்திரைகள் உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அவற்றைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போடுவது ஓரிரு நாட்களுக்கு மட்டும். அதன்பின் முன்னே குனிந்து கையைத் தளரவிட்டு ஊசலாட்டும் எளிய பயிற்சியைத் தொடங்காவிட்டால், தோள் இறுகிப்போகும் இரண்டாவது தொல்லையும் வந்து சேரும். வலி அடங்காவிட்டால் நீர்ப்பையில் ஸ்டீராய்டு ஊசி போடலாம்.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திப் படிவைக் கழுவி எடுக்கும் முறை பரவலாகச் செய்யப்படுகிறது. ஆனால் 2023-இல் வெளியான, நார்வேயிலும் ஸ்வீடனிலும் 220 பேரிடம் நடந்த ஆய்வில், உண்மையாகக் கழுவப்பட்டவர்களுக்கும் கழுவுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் நான்காம் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கழுவலோடு ஸ்டீராய்டு ஊசி, பாவனையோடு ஸ்டீராய்டு ஊசி, வெறும் பாவனை என்ற மூன்று குழுவினருமே முன்னேறியிருந்தார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு முதல் சில வாரங்கள் மட்டும் கூடுதல் நிம்மதி கிடைத்தது. ஆகவே கழுவி எடுப்பதை நான் முதல் வழியாகச் சொல்வதில்லை. தோலுக்கு வெளியிலிருந்து அதிர்வுகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை, கரையாமல் இறுகி நிற்கும் படிவுகளுக்குப் பொருந்தும். உங்களுக்கு இப்போது வேண்டாம். நுண்துளை அறுவை சிகிச்சையை, ஆறு மாதமேனும் மற்றவற்றை முறையாகச் செய்தும் பலனில்லாதபோதுதான் நினைக்க வேண்டும். பத்து நாள் வலிக்கு அது தேவையில்லை.

கேள்வி: வேறொரு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் என் இடது தோளிலும் இத்தகைய படிவு இருப்பதாகத் தெரிந்தது. வலி சிறிதும் இல்லை. எனக்கு நீரிழிவு உண்டு. இப்போதே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வலியே இல்லாதவர்களின் தோளிலும் இத்தகைய படிவுகள் தென்படுவது வழக்கம். படத்தில் தெரிவதற்காக மட்டும் அவற்றுக்குச் சிகிச்சை செய்வதில்லை. பின்னாளில் வலி வந்து ஸ்டீராய்டு ஊசி போடும்படி ஆனால், அதன்பின் சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதால், ஊசி போடுபவரிடம் நீரிழிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி அளந்து பாருங்கள்.