14,000 கிலோமீற்றரில கிளட்ச் போனா ஆர் பொறுப்பு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் திருகோணமலை உப்புவெளியில இருந்து எழுதுறன். போன வருஷம் புதுசா ஒரு மனுவல் கார் எடுத்தனான், 3 வருஷம் இல்லாட்டி 100,000 கிலோமீற்றர் வொரன்டி. இப்ப 14,000 தான் ஓடியிருக்கு. போன மாசம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க எக்சிலேட்டரை மிதிச்சா என்ஜின் இரையுது, கார் ஏறுதில்லை, ஒரே எரிஞ்ச மணம். கரியரில ஏத்தி கொழும்புக்கு ஏஜென்டின்ர வேர்க்சொப்புக்கு அனுப்பினன். அவங்கள் கழட்டிப் பாத்திட்டு கிளட்ச் பிளேட் முடிஞ்சுது, பிரஷர் பிளேட்டும் போச்சுது, இது தேய்மானச் சாமான், வொரன்டியில வராது எண்டு சொல்லுறாங்கள். ஆர் கூட ஓட்டுறது எண்டு கேட்டாங்கள், என்ர மனிசி, இப்பதான் லைசன்ஸ் எடுத்தவ எண்டு சொன்னன், உடனே அப்ப அதுதான் காரணம் எண்டு முடிச்சிட்டாங்கள். ஒண்டரை இலட்சத்துக்கு மேல எஸ்டிமேட், கிழமைக்குள்ள ஓம் சொல்லாட்டி பார்க்கிங் காசும் போடுவாங்களாம். கட்டுறதா விடுறதா?
- வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: கட்டுறதைப் பற்றி யோசிக்க முதல் இண்டைக்கே ஒரு ஈமெயில் போடுங்கோ தம்பி. கழட்டின பிளேட், அதை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கேக்க அந்தப் பிடியை விடுவிக்கிற ரிலீஸ் பெயரிங் மூண்டையும் எறியக்கூடாது, நான் வந்து பாக்கவேணும், பிறகு எனக்குத் திருப்பித் தரவேணும் எண்டு எழுதுங்கோ. ஃபோனில சொன்னது நிக்காது. இந்த விஷயத்தில உங்களுக்குச் சாட்சி எண்டு இருக்கிறது அந்தப் பழைய சாமான்கள்தான், புதுசு போட்டு பழசு இரும்புக்குப் போனாப்பிறகு ஆரும் ஒண்டும் நிரூபிக்க ஏலாது.

அடுத்தது வொரன்டிப் புத்தகம். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், பல்ப் இதெல்லாம் தேய்மானச் சாமான் எண்டு அநேகமா எல்லாப் புத்தகத்திலயும் இருக்கும், அதில நியாயமும் இருக்கு, தேயிறதுக்கெண்டே செய்த சாமானை ஆரும் ஓசியில மாத்திக்கொண்டிருக்க ஏலாது. ஆனா அந்தப் பந்தியை முழுசா வாசியுங்கோ. தேய்ஞ்சதுக்கு வொரன்டி இல்லை எண்டு எழுதியிருக்கிறது வேற, செய்யேக்கயே இருந்த குறைக்கும் வொரன்டி இல்லை எண்டு எழுதியிருக்கிறது வேற. பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். ஒழுங்கா ஓடுற கார்ல பிளேட் 60,000, 80,000 வரும், 100,000 தாண்டின கார்களும் இருக்கு. 14,000ல முடிஞ்சுதெண்டா ஒண்டில் ஓடினவர் எரிச்சிருக்கிறார், இல்லாட்டி வேற ஏதோ அதை எரிச்சிருக்கு. எது எண்டு தேடாமல் தேய்மானம் எண்டு ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு எஸ்டிமேட்டை நீட்டுறதை நான் பதிலாவே எடுக்கமாட்டன்.

இப்ப சாமானை எப்பிடிப் பாக்கிறது. பிளேட் ஒட்டிச் சுத்துற என்ஜின் பக்கச் சில்லு, அதுதான் ஃபிளைவீல், அதிலயும் பிரஷர் பிளேட்டிலயும் நீலம் பாய்ஞ்ச புள்ளிகள், நுணுக்கமான வெடிப்பு, பிளேட்டில உராயிற பக்கமான லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்குறது, இதெல்லாம் சூடு. உடனே ஹாஃப் கிளட்ச் (பெடலைப் பாதி மிதிச்சபடி ஓடுறது), டிரைவர் பிழை எண்டுவாங்கள். சூடு வந்தது உண்மைதான், ஆனா பிளேட் வழுக்கினாத்தான் சூடு வரும், அது வழுக்கிறதுக்கு டிரைவரின்ர கால் மட்டும் காரணம் இல்லை. பிரஷர் பிளேட்டின்ர ஸ்பிரிங் பலமில்லாட்டியும் வழுக்கும். கேபிள் கிளட்ச் எண்டா பெடல்ல ஃப்ரீ பிளே (மிதிக்கத் தொடங்கேக்க இருக்கிற சும்மா அசைவு) இல்லாமல் டைட்டா வச்சிருந்தாலும் ரிலீஸ் பெயரிங் எந்த நேரமும் அமத்திக்கொண்டே இருக்கும், ஹைட்ரோலிக் எண்டா பெடலோட இருக்கிற மாஸ்டர் சிலிண்டருக்க பிரஷர் திரும்பாமல் நிண்டாலும் அதே கதைதான். என்ஜின் பின்பக்க ஒயில் சீல் கசிஞ்சோ கியர் பொக்ஸ் இன்புட் சாஃப்ட் சீல் கசிஞ்சோ லைனிங்கில ஒயில் பட்டா நல்ல பிளேட்டும் கொஞ்ச நாளில போயிடும், இந்த சீல்கள் அநேகமா என்ஜின், கியர் பொக்ஸ் வொரன்டிக்குள்ள வாறது, அதால கெட்ட பிளேட்டையும் அவங்கள்தான் பாக்கவேணும் எண்டு நீங்கள் உறுதியா கேக்கலாம். கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின்ர உள்பக்கம் நனைஞ்சிருக்கா, லைனிங்கில கறுப்பா ஒயில் ஊறியிருக்கா எண்டு பாத்து ஃபோட்டோ எடுங்கோ. லைனிங் தேயாமலே பிளேட்டில இருந்து கழண்டிருக்கா, ரிவெட் அறுந்திருக்கா, நடுவில இருக்கிற ஸ்பிரிங் வெளியில வந்திருக்கா, பிரஷர் பிளேட்டின்ர விரல் மாதிரி இருக்கிற ஸ்பிரிங்குகள் ஒண்டு உயரம் ஒண்டு பதிவா நிக்குதா, இப்பிடி ஏதும் இருந்தா அது ஓடின விதத்தில வாறதெண்டு சொல்லுறது கஷ்டம். இதில ஒண்டுமே இல்லாமல் ரெண்டு பக்க லைனிங்கும் ரிவெட் மட்டத்துக்குச் சமனா தேய்ஞ்சு, சீல் எல்லாம் காய்ஞ்சு, ஃப்ரீ பிளேயும் சரியெண்டா, உங்கட பக்கம் பலம் குறைவு, அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்.

அதனால வீட்டிலயும் ஒருக்கா நேர்மையா கதைச்சுப் பாருங்கோ. கோயில் ஏத்தத்தில முன்னுக்கு வாகனம் நிக்கேக்க ஹேண்ட் பிரேக் போடாமல் கிளட்ச்சில காரைப் பிடிச்சு வச்சிருக்கிறது, நிலாவெளி மணலுக்க புதைஞ்சா முதல் கியரில இரைச்சு இரைச்சு எடுக்கிறது, போட் ட்ரெய்லர் இழுக்கிறது, ஓடேக்க காலைப் பெடல்லயே வச்சிருக்கிறது, இதெல்லாம் பிளேட்டைத் தின்னும். ஆனா உங்கட மனிசி புதுசா லைசன்ஸ் எடுத்தவ எண்டது ஒரு காரணமே இல்லை. அவ ஓட்டினதை அந்த வேர்க்சொப்பில ஒருத்தரும் பாக்கேல்லை. ஒரு பொம்பிளை ஓட்டுறா எண்டு கேட்டவுடனே சாமானைப் பாக்கிறதை நிப்பாட்டினது எனக்குச் சரியான கோவம், நீங்களும் அந்தக் கதையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவவின்ர மனசை நோகப் பண்ணவேண்டாம்.

எழுத்தில கேக்கவேண்டியது: என்ன பழுது, என்ன காரணம், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தவை, வொரன்டிப் புத்தகத்தின்ர எந்தப் பந்தியில மறுக்கினம். உங்கட சேர்விஸ் எல்லாம் அவங்களிட்டயே செய்திருந்தா அந்த இன்வொய்ஸுகளையும் சேர்த்து அனுப்புங்கோ, முந்தி ஒருக்கா பெடல் டைட், மணக்குது எண்டு சொல்லி ஜொப் கார்ட்டில எழுதுப்பட்டிருந்தா அது தங்கம். காரை இங்கால வேற கராஜில திறக்காமல் அனுப்பினது நல்ல வேலை, இல்லாட்டி அதையே சாட்டாக்கியிருப்பாங்கள். ஏலுமெண்டா வெளியில இருந்து ஒரு ஓட்டோமொபைல் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்து ஒரு ரிப்போர்ட் எடுங்கோ. கார் இல்லாமல் ஏலாது, கட்டித்தான் ஆகவேணும் எண்டா, வொரன்டி மறுப்பை நான் ஏற்கேல்லை, என்ர உரிமையை விடாமல்தான் கட்டுறன் எண்டு பில்லிலயே எழுதிக் கையெழுத்து வையுங்கோ.

அதுக்குப் பிறகும் அசையாட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கு, 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டம், 1977 எண்ட நம்பருக்கு ஃபோன் அடிச்சா வழி சொல்லுவினம். முறைப்பாடு எழுத்தில இருக்கவேணும், சாமான் வித்து அல்லது சேவை செய்து 3 மாசத்துக்குள்ள எண்டு சட்டத்தில இருக்கு. கார் வாங்கின திகதியில இருந்து பாத்தா உங்களுக்கு அது கடந்துபோச்சு, ஆனா இப்ப நடக்கிற ரிப்பேர் ஒரு சேவை, வொரன்டி மறுத்ததும் இப்பதான், அதை வச்சு உடனே எழுதுங்கோ, ஆறப்போட வேண்டாம். மத்தியஸ்த சபைக்கும் போகலாம், அங்க லோயர் செலவில்லை. அநேகமான இடங்களில சாமான் கொம்பனி, கூலி நீங்கள் எண்டு ஒரு பாதி இணக்கத்துக்கு வருவாங்கள், சாமானில ஒயில் கசிவோ உடைவோ கண்டா பாதிக்கு ஒத்துக்கொள்ளாதேங்கோ.

கேள்வி: நான் கிண்ணியா. பழைய கார் ஒண்டு வாங்கப் போறன், கிளட்ச் நல்லமா எண்டு கழட்டாம பாக்க ஏலுமா நாநா?

பதில்: ஏலும் தம்பி. சீனக்குடாப் பக்கம் வெறுமையா நேரா ஒரு றோட்டில 40ல 4ம் கியரில வச்சு எக்சிலேட்டரை முழுசா மிதிங்க. என்ஜின் சுத்து மட்டும் ஏறி வேகம் ஏறாட்டி பிளேட் வழுக்குது. எடுக்கேக்க கார் நடுங்கினா ஃபிளைவீலையும் ஒயில் கசிவையும் சந்தேகப்படுங்க. பெடலை அமத்தேக்க மட்டும் கீச்சுச் சத்தம் வந்தா ரிலீஸ் பெயரிங். இதில எது இருந்தாலும் செட் முழுக்க மாத்துற காசை விலையில குறைக்கச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: மெக்கானிக் பிளேட் மட்டும் மாத்தினா போதும் எண்டுறார், சரியா? - மூதூர் வாசகி

பதில்: கியர் பொக்ஸை இறக்குற கூலிதான் பெரிசு தங்கச்சி. இறக்கினது இறக்கினபடி பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் ரெண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கோ, ஃபிளைவீலையும் பாத்து தேவையெண்டா லேத்தில பிடிச்சுச் சமன் செய்யச் சொல்லுங்கோ, பின் சீலில ஈரம் கண்டா அதையும் அப்பவே மாத்துங்கோ. பெயரிங் ஆறு மாசத்தில கத்தினா திரும்ப அதே கூலி.