மாசி வரை முடிவெடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வயது முப்பத்தைந்து. பொறியியல் படித்துச் சென்னையில் நெடுநாள் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு அப்பா காலமானபின் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அரை வேலி நிலம் இருக்கிறது. ஆனால் நான் இப்போது பொறியாளனும் இல்லை, விவசாயியும் இல்லை. உடன் படித்தவர்கள் எங்கெங்கோ நிலைபெற்றுவிட்டார்கள். நான் எதற்காக இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ‘இந்தக் கணத்தில் வாழுங்கள்’ என்கிறார்கள். கைப்பேசிச் செயலியை வைத்துத் தியானம் செய்தால், கண்ணை மூடியதும் கவலைதான் வருகிறது. சில வாரங்களாக உறக்கமும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கே போய்விடலாமா? நிறைவு என்று ஒன்று உண்மையில் உண்டா?

(பெயர் வேண்டாம்), நீடாமங்கலம் வட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உறக்கம். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டிருப்பதை யாருடைய கட்டுரையும் சரிசெய்யாது. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தஞ்சையிலோ ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசு உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

தியானம் கைகூடாததை உங்கள் குறையாக நீங்கள் எண்ணுவது கடிதத்தில் தெரிகிறது. மதயானையை வசமாக நடத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது மட்டும் அரிது என்று முடித்தவர் தாயுமானவர். அவரே அரிது என்றதைத் துக்கம் ஆறாத ஒரு மகன் சில நாளில் அடைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்களுக்குச் சொல்லப்படும் ‘இந்தக் கணம்’ நேற்றிலிருந்தும் நாளையிலிருந்தும் வெட்டியெடுக்கப்பட்ட ஒன்றாக இருக்கிறது. அப்படி ஒரு கணத்தில் மனிதன் குடியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. நம் பக்கத்து வாழ்க்கையில் நான் கண்டது வேறு. ஆவணியில் நாற்றங்காலில் விதை தெளிப்பவர் தையையும் மாசியையும் மனத்தில் வைத்துத்தான் தெளிக்கிறார். ஆனாலும் அன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது, சேற்றில் விதை மூழ்கிவிடாமல் நீர் வடிந்திருக்கிறதா என்பது ஒன்றைத்தான். நாளை என்பது அவர் மனத்தை விட்டு எங்கும் போய்விடவில்லை, ஆனால் அதில் இன்றைக்கு உரிய பங்கு எதுவோ அதை மட்டும் அவர் கையில் எடுத்துக்கொள்கிறார். நிறைவு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, நான் அதைக் கண்டது இவ்வாறு இன்றைய பங்கைச் செய்து முடித்தவர்களின் முகத்தில்தான்.

இதைக் கிடைத்தது போதும் என்ற அடக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. நீர் தாமதமான ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் குறுகிய கால நெல்லான குறுவையைத் தொடங்கினார்கள், இல்லாதவர்கள் அடுத்து வரும் நீண்டகாலச் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அதே ஆட்கள்தாம் தண்ணீர் கேட்டுத் தெருவிலும் உட்கார்ந்தார்கள். வாய்க்காலில் நீர் வந்த அன்று மடையைத் திறக்க ஓடிய கால்களும் அவர்களுடையவைதாம். மனக்குறையை முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் வேலையில் மனம் வைக்க முடியும் என்றிருந்தால் டெல்டாவில் ஒருவரும் நடவு நட்டிருக்க மாட்டார்கள். உங்கள் துக்கமும் குழப்பமும் அப்படியே இருக்கட்டும். அவை போகும்வரை நாளைத் தொடங்காமல் வைத்திருக்க வேண்டியதில்லை.

எதற்காக இருக்கிறேன் என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிப்பு, வேலை, சென்னை, வீடு என்று உங்களுக்குப் பிறர் போட்டுத் தந்த பாதை அப்பாவின் மரணத்தோடு நின்றுபோயிற்று என்றே நான் புரிந்துகொள்கிறேன். அடுத்த பாதை எதுவென்று இப்போது தெரியாதது இயல்பு. திரும்பிப் போவதும் தோல்வி ஆகாது, ஊரில் தங்குவதும் தியாகம் ஆகாது. ஆனால் உறக்கமில்லாத மனத்தோடு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆகவே இந்த ஒரு சம்பாவை நீங்களே செய்து பாருங்கள். ஆவணி முடியவில்லை, சி.ஆர். 1009 போன்ற நீண்டகால நெல் ரகத்துக்கு இப்போது விதைத்தாலும் அறுவடைக்கு ஏறக்குறைய 155 நாள் ஆகும். நாற்றுப் பறிப்பு, நடவு, தூர் கட்டும் பருவம், கதிர் பால் பிடிக்கும் பருவம் என்று ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது வேறு வேறாக இருக்கும். உங்களுக்குத் தெரியாததை அப்பாவோடு வேலை செய்தவர்களிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். அவரைப் பற்றியும் அவர்கள் சொல்வார்கள், அது உங்களுக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கி விளைச்சல் போகவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆகவே கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள், கையிலுள்ள சேமிப்புக்குள் எத்தனை மா நிலத்தில் முடியுமோ அத்தனையில் மட்டும் நடுங்கள்.

குத்தகைக்குக் கேட்பவரிடம் மாசிக்குப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். மருத்துவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.