லேசர் அடித்தால்கூடவா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் ஒளிமின் விளைவு பாடத்தில், "அதிர்வெண் போதாவிட்டால், ஒளிச்செறிவை எவ்வளவு கூட்டினாலும் எலக்ட்ரான் வெளிவராது" என்றேன். ஒரு மாணவி எழுந்து, "லேசர் அடித்தால்கூடவா டீச்சர்?" என்றாள். அகச்சிவப்பு லேசரால் ஹீலியத்தின் எலக்ட்ரானையே பிரித்தெடுக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். இந்த விளைவை விளக்கிய ஐன்ஸ்டைன் சொன்னது தவறா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவியை என் சார்பில் பாராட்டுங்கள். ஐன்ஸ்டைன் தவறவில்லை. 1905ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, ஒளிர்தலைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒளித்துகள்கள் மிக நெருக்கமாக வந்தால் பல துகள்களின் ஆற்றல் ஒன்றுசேரக்கூடும் என்று அவர் ஒரு வழியைத் திறந்தே வைத்தார். ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஏற்க முடியும் என்று 1931இல் வெளியான ஆய்வில் கணக்கிட்டவர் இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர். அதைச் சோதனையில் காண, லேசர் பிறந்து 1961 வரவேண்டியிருந்தது.

1979இல் பிரான்சின் சாக்லே ஆய்வகத்தில் பியர் அகோஸ்தினி குழுவினர் செனான் வாயுவில் பச்சை லேசரைப் பாய்ச்சினார்கள். செனானின் எலக்ட்ரானை விடுவிக்க 12.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். பச்சை ஃபோட்டான் ஒன்றில் இருப்பதோ சுமார் 2.3. ஆறு சேர்ந்தால் போதும். ஆனால் சில எலக்ட்ரான்கள் ஏழாவதையும் விழுங்கிவிட்டு, கூடுதல் வேகத்தோடு வந்தன!

செறிவு இன்னும் ஏறி, சதுர சென்டிமீட்டருக்கு நூறு லட்சம் கோடி வாட்டைத் தாண்டும்போது ஃபோட்டான்களை எண்ணுவதே பொருத்தமில்லாமல் போகிறது. ஒளியின் மின்புலம், அணுக்கருவின் பிடியோடு போட்டியிடும் அளவுக்கு வலுத்துவிடுகிறது. எலக்ட்ரானைச் சுற்றியுள்ள ஆற்றல் தடையை வயல் வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியின் மின்புலம் இழுத்து, வரப்பு ஒருபக்கம் மெலிந்துவிட்டால் நீர் ஏறிக் கடக்க வேண்டியதில்லை, கசிந்தே போய்விடும். ஹீலியத்தின் எலக்ட்ரானும் இப்படித்தான் வெளியேறுகிறது.

என்னை விட்டு அகலாத காட்சி இதற்குப் பிறகு வருவது. 800 நானோமீட்டர் ஒளியின் மின்புலம் 1.3 ஃபெம்டோ விநாடிக்கு (விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ விநாடி) ஒருமுறை திசை மாறும். வெளியே இழுத்த அதே புலம், எலக்ட்ரானைத் திருப்பித் தான் விட்டுவந்த அணுவை நோக்கியே எறிகிறது. அணுவோடு அது மறுபடி சேர்ந்தால், வழியில் ஈட்டிய ஆற்றல் முழுவதும் புறஊதா ஒளியாகவோ எக்ஸ் கதிராகவோ பளிச்சிடும். 1993இல் இயற்பியலாளர் பால் கார்க்கம் இதைத் தெளிவாக விளக்கினார். அந்தப் பளிச்சிடல்களைக் கொண்டுதான் 2001இல் அகோஸ்தினி குழு 250 அட்டோ விநாடித் துடிப்புகளின் வரிசையை அளந்தது (ஃபெம்டோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓர் அட்டோ விநாடி). அவரும் ஆன் லூலியேவும் ஃபெரென்ஸ் கிரவுஸும் 2023இல் நோபல் பரிசு பெற்றது இந்தத் துறைக்காகவே.

நாளை கரும்பலகையில் "எவ்வளவு கூட்டினாலும்" என்பதை அழித்துவிட்டு, "ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான் மட்டுமே கிடைக்கும் செறிவில்" என்று எழுதுங்கள். அந்த மாணவியையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.