சைக்கிள் தரிப்பிடத்தில் ஒரு மெழுகுதிரி

அன்புள்ள ஐயா,

ஆரையம்பதிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வருடம் வரை மூன்று வருடங்கள் லண்டனில் அண்ணா வீட்டில் இருந்து படித்தேன். அங்கே எனக்குப் பழகிப்போன ஒன்று, பின்னேரங்களில் விஞ்ஞானப் பேச்சுக்குப் போவது. கிரெஷம் கல்லூரியில் காசு இல்லாமலே கேட்கலாம். ரோயல் இன்ஸ்டிடியூஷனுக்கு டிக்கெட் எடுத்துப் போவேன். ஒரு கிழமை கருந்துளை, அடுத்த கிழமை தேனீ. பக்கத்துக் கதிரையில் பஸ் சாரதியும் இருப்பார், பேரப்பிள்ளையோடு வந்த பாட்டியும் இருப்பார்.

இங்கே அப்படி ஒன்றும் இல்லை. பின்னேரம் என்றால் டியூசன், டியூசன் விட்டால் போன். கொழும்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் இருக்க வேண்டும். மட்டக்களப்பிலேயே மாதம் ஒரு பேச்சு நடத்தலாமா என்று நாலைந்து ஆசிரியர்கள் யோசிக்கிறோம். மண்டபம், புரொஜெக்டர், கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. லண்டன் பேச்சுகளை யூடியூபில் காட்டித் தமிழில் விளக்கலாமா என்றும் ஒரு யோசனை. எங்கே தொடங்குவது?

சு. (ஆசிரியை)

*

அன்புள்ள சு.,

மண்டபத்தையும் புரொஜெக்டரையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் விஞ்ஞான தின விழா. சிறப்புப் பேச்சாளன் நான். காலை ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழ். ஒன்பதே முக்காலுக்குப் பிரதம அதிதி வந்தார். பாண்ட் வாத்தியம், மாலை, கொடியேற்றல், மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, அதிதிகள் உரை, பொன்னாடை, பரிசளிப்பு. என் கையில் மைக் வந்தபோது பன்னிரண்டு பத்து. பிள்ளைகள் பசியில் வாடிப்போய் இருந்தார்கள். நான் வாயைத் திறந்து இரண்டு நிமிடத்தில் ஒரு துண்டு வந்தது: 'ஐயா, சுருக்கமாக.' பையில் ஒரு மெழுகுதிரியும் தீப்பெட்டியும் கொண்டு போயிருந்தேன். எடுத்து மேசையில் வைத்ததோடு சரி, பற்ற வைக்கவில்லை. விஞ்ஞானத்தின் பெருமை பற்றி நாலு வசனம் சொல்லிவிட்டு இறங்கினேன். வெட்கமாக இருந்தது.

சைக்கிளை எடுக்கப் போனேன். ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பின்னாலேயே வந்தது. "ஐயா, அந்த மெழுகுதிரிய ஏன் கொண்டு வந்தீங்க?"

தரிப்பிடத்துச் சுவரோரம் காற்றுப் படாத மூலையாகப் பார்த்துக் குந்தினேன். திரியைப் பற்ற வைத்து, நன்றாக எரியவிட்டு, ஊதி அணைத்தேன். வெள்ளைப் புகை நூல் போல எழும்பியது. எரியும் தீக்குச்சியை அந்த நூலில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்தேன். நெருப்பு புகை வழியே இறங்கிப்போய்த் திரியில் ஏறிக்கொண்டது. "தொடவே இல்லையே!" என்றது பிள்ளை. அதற்குள் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். எரிவது மெழுகா, திரியா, புகையா என்று சண்டை. கட்டி மெழுகு எரிவதில்லை. அது உருகி, திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. ஊதியவுடன் வரும் வெள்ளைப் புகை அதே ஆவி குளிர்ந்து திரண்டது. இதில் முக்கால்வாசியை நான் சொல்லவில்லை, அவர்களே சண்டை பிடித்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு பொடியன், "அப்ப குப்பி விளக்குலயும் எண்ணெய் எரியிறல்லயா?" என்று கேட்டான். வான்காரர் ஹோன் அடித்துக் கூப்பிடும்வரை அரை மணித்தியாலம் போனது. நான் நடத்திய உருப்படியான விஞ்ஞானப் பேச்சு என்றால் அதுதான்.

அந்தச் சோதனை என்னுடையது அல்ல. நீங்கள் டிக்கெட் எடுத்துப் போனீர்களே, அதே ரோயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 நத்தார் விடுமுறையில் மைக்கல் பரடே சிறுவர்களுக்கு மெழுகுதிரியை மட்டும் வைத்து ஆறு பேச்சுகள் பேசினார். அதில் செய்து காட்டியது. அந்த நத்தார்ப் பேச்சுகள் 1825இல் தொடங்கியவை. பரடே கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையன். 1812இல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், அங்கே பேசிய இரசாயன விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் நாலு பேச்சுகளைக் கேட்டான். கேட்டதை எல்லாம் எழுதி, படம் கீறி, தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். அடுத்த வருடம் அங்கேயே வேலை. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். இதற்கு முன்னால் நடந்ததைத்தான் விட்டுவிடுவார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே அந்தப் பையன் ஜோன் டேட்டம் என்பவருடைய வீட்டில் நடந்த இரவுப் பேச்சுகளுக்குப் போய்வந்தான். தலைக்கு ஒரு ஷில்லிங். அந்தக் காசைக் கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன் கொடுத்தார். கேட்க வந்த இளைஞர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்து, முறை வைத்துத் தாங்களே பேசியும் பழகினார்கள். டேவியின் மண்டபத்தில் பரடே குறிப்பு எடுக்கத் தெரிந்தவனாகப் போய் உட்கார்ந்தது அந்த வீட்டினால்தான்.

உங்கள் கிரெஷம் கல்லூரியும் அப்படித்தான். 1597 முதல் அங்கே இலவசப் பேச்சு நடக்கிறது. 1660 நவம்பர் 28ஆம் திகதி கிறிஸ்டோபர் ரென் அங்கே ஒரு பேச்சு நிகழ்த்தினார். முடிந்த பிறகு வீட்டுக்குப் போகாமல் 12 பேர் நின்று கதைத்தார்கள். ரோயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் அந்தக் கதையில் பிறந்தது. ரென் அன்றைக்கு என்ன பேசினார் என்று யாருக்குக் கவலை?

ஆகவே, பேச்சு முடிந்த பிறகு ஆட்கள் நிற்க ஓர் இடமும் நேரமும் வையுங்கள். பேச்சாளர் யார், மண்டபம் எது என்பதெல்லாம் இரண்டாவது. 1998இல் லீட்ஸ் நகரத்தில் டங்கன் டல்லஸ் என்பவர் கபேயில் விஞ்ஞானம் பேசும் வழக்கத்தைத் தொடங்கினார். பேச்சாளருக்குச் சுமார் இருபது நிமிடம், பிறகு எழும்பிப் போய்க் குடிக்க ஒரு இடைவேளை, பிறகு ஒரு மணித்தியாலம் கேள்வி. அந்த இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் 'உனக்கு விளங்கினதா?' என்று கேட்போமே, கேள்வி அங்கேதான் உருவாகிறது. நாங்கள் கூட்டம் வைத்தால் கேக், வாழைப்பழம், சோடா எல்லாம் அதிதிகளுக்கு, அதுவும் அதிபரின் அறையில். பிளேன்டீயும் பருப்பு வடையும் போதும், ஆனால் எல்லோருக்கும், நடுவில்.

இருக்கிற விதத்தையும் பாருங்கள். கூத்தை எங்கள் அண்ணாவிமார் வட்டக்களரியில்தான் ஆட்டினார்கள். சுற்றிவரச் சனம், நடுவில் ஆட்டம். எந்தப் பக்கம் இருந்தாலும் எதிரே இன்னொருவருடைய முகம் தெரியும். மேடை கட்டி, மூன்று பக்கத்தை அடைத்து, முன்வரிசைக்கு வெள்ளைச் சீலை போட்ட கதிரை வைத்த அன்றைக்கே பார்க்கிறவன் வாயை மூடிக்கொண்டான்.

இனி அந்த யூடியூப் யோசனை. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதையும் கேளுங்கள், இது என் பிழை.

சுனாமி வந்து சில வருடங்களுக்குப் பிறகு நாவலடிப் பக்கத்தில் கொஞ்சம் சனத்துக்கு அதைப் பற்றி விளக்கப் போனேன். தாய்லாந்துக் கடற்கரையில் நின்ற 10 வயது பிரித்தானியச் சிறுமியின் கதையைச் சொன்னேன். இரண்டு கிழமை முன்னர் புவியியல் பாடத்தில் படித்ததை வைத்து, கடல் பின்வாங்குவதைக் கண்டு சத்தம் போட்டு ஒரு கரையையே காப்பாற்றிய பிள்ளை. 'ஆகவே கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்' என்று முடித்தேன். பின்னால் இருந்து ஒரு வயதான அம்மா எழும்பினா. "கடல் உள்ளுக்குப் போகல்ல மனே. நேராத்தான் வந்திச்சு." நான் சிரித்துச் சமாளித்தேன். பயத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டா என்று மனதுக்குள் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், அவ சொன்னது சரி. 2004 டிசம்பர் 26 காலை, எங்கள் நேரம் 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, பிளவின் மேற்குப் பக்கத் தரை மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் கீழே இறங்கியது. கிழக்கே போன அலைக்குப் பள்ளம் முன்னால், ஆகவே தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. மேற்கே எங்களை நோக்கி வந்ததற்கு மேடு முன்னால். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அது நேராக வந்து ஏறியது. பல இடங்களில் இரண்டாவது அலைதான் பெரிது. முதல் அலை போனதும் பொருள் பார்க்க, ஆட்களைத் தேடத் திரும்பி வந்தவர்கள் அதில் அகப்பட்டார்கள். அங்கே உயிர் காத்த பாடத்தை இங்கே அப்படியே சொல்லிக்கொடுத்தால், வற்றட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லிக்கொடுத்ததாக ஆகும். நான் திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். "நான் கண்டத்தத்தானே சொன்னன்" என்றா, அவ்வளவுதான். யூடியூப் திரைக்கு முன்னால் அவ எழும்பியிருந்தால் அது யாருக்குக் கேட்டிருக்கும்?

பெரிய நகரத்துக்கு உள்ள வசதியை நான் மறைக்கப் போவதில்லை, மகள். ஒரு புழுவை முப்பது வருடம் படித்தவர் அங்கே மூன்று ரயில் நிலையம் தள்ளி இருப்பார், பின்னேரம் வந்து பேசிவிட்டுப் போவார். அதை எங்களால் ஈடுசெய்ய முடியாது. ஆனால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உள்ளவர்களைப் பிரதம அதிதியாகக் கூப்பிட்டே பழகிவிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு வாவிக்கரையில் வந்து குந்துங்கள் என்று கூப்பிட்டுப் பாருங்கள், சிலர் வருவார்கள்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பழந்தமிழ் யாழ் இசை பற்றி எழுதிய யாழ் நூலில் நரம்பின் நீளக் கணக்கு வைத்துத்தான் சுரங்களைப் பிடிக்கிறார். நாங்கள் சிலைக்கு மாலை போடும்போது அடிகளாரை மட்டும் கண்டு அந்த விஞ்ஞான வாத்தியாரை விட்டுவிடுகிறோம். 'தமிழில் சொல்லேலாது சேர்' என்று யாராவது சொன்னால் அவரை ஞாபகப்படுத்துங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? எங்கள் வாவியில் இரவில் பாடுவதாகச் சொல்லும் பாடும் மீனில் தொடங்குங்கள். ஊர்ச் சின்னம், பாலத்தடி, பாட்டு என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் பாடுவது மீன்தானா? 1848இல் இங்கே வந்த ஆங்கிலேய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட் இரவில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி என்று எழுதினார். தோணிக்காரர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை, அதாவது ஓட்டுக்குள் இருக்கும் நத்தை மாதிரி ஒன்றை. ஆனால் பல மீன்கள் காற்றுப்பையை அதிரவைத்து ஒலி எழுப்பும். கெளுத்தியைத் தூக்கினால் அது முனகுவது மீன் பிடித்த எல்லோருக்கும் தெரியும். கீச்சானுக்குப் பேரே அப்படித்தான். ஊரியா மீனா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிக்கலாம்.

கல்லடிப் பழைய பாலத்தடியில் ஒரு வயதான மீனவர் எனக்குச் சொல்லித் தந்தார்: "சும்மா கேட்டாக் கேட்காது மனே. துடுப்பத் தண்ணிக்குள்ள உட்டு, மறுகா மற்ற நுனில காத வை." ஏன் துடுப்பு? தண்ணீருக்குள் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும், காற்றில் 340. இரண்டுக்கும் அடர்த்தியிலும் பெரிய வித்தியாசம். அதனால் கீழே இருந்து வரும் ஒலி தண்ணீரின் மேல்முகத்தில் மோதித் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்கு வருகிறது. மரம் அப்படி இல்லை, தண்ணீருக்குக் கிட்டிய சாதி. ஒலி மரத்துக்குள் இலேசாகப் புகுந்து நேரே காது எலும்புக்கு வந்துவிடும். அந்த மீனவர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அவர்தான் உங்கள் முதல் பேச்சாளர். விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நாளும் பார்த்துவிட்டேன். 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் வாட், எராஸ்மஸ் டார்வின் போன்றவர்கள் சங்கம் வைத்துப் பௌர்ணமியை ஒட்டித்தான் கூடினார்கள். இருட்டு வீதியில் வீடு திரும்ப நிலா வேண்டும். எங்களுக்குப் போயா என்று மாதம் ஒரு பௌர்ணமி விடுமுறை சும்மா கிடைக்கிறது, மீன் பாடுவதும் நிலாக் காலத்தில் என்றுதான் ஊரில் சொல்வார்கள். டியூசன்காரரும் அன்றைக்கு லீவு விட்டால் நல்லது, அது என் கையில் இல்லை.

தோணிக்காரரிடம் வெள்ளிக்கிழமை கேட்டு எழுதுகிறேன். பிள்ளைகளை ஏற்றுவதென்றால் தலைக்கு ஒரு மிதவை அங்கியும் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். துடுப்பு நாலைந்து இருந்தால் நல்லது, ஒன்றுக்கு இருபது பேர் காத்திருந்தால் மீன் தூங்கிவிடும்.