ஆக்சிஜன் ஒட்டினால் செம்பு அணுக்கள் ஏன் இடம் மாறுகின்றன?

வந்து ஒட்டுவது ஆக்சிஜன்தானே, அடியில் இருக்கும் உலோகம் ஏன் நகர வேண்டும் என்பது கேள்வி. செம்புப் படிகத்தின் (110) முகத்தை, அதாவது படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால் கிடைக்கும் பரப்பை, எடுத்துக்கொள்வோம். இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த முகம் உழவுசால் விழுந்த வயல் மாதிரி, மேடும் பள்ளமுமாக அணு வரிசைகள் கொண்டது. இடையிடையே ஓர் அணு உயரத்துக்குப் படிகளும் உண்டு. படி விளிம்பில் இருக்கும் அணுவுக்கு அண்டை அணுக்கள் குறைவு, அதனால் பிடிப்பும் குறைவு. அறை வெப்பநிலையிலேயே அது கழன்று தளத்தின் மேல் அலையும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து இரண்டு அணுக்களாகப் பிரிந்ததும், இந்த அலையும் செம்பைப் பிடித்துக்கொள்கிறது. செம்பு, ஆக்சிஜன், செம்பு என்று மாறி மாறிக் கோத்த சங்கிலி, சால்களுக்குக் குறுக்கே நீளுகிறது. அண்டை குறைந்த செம்போடு ஆக்சிஜன் பிணைப்பு வலுவானது. விளிம்பிலிருந்து அணுவைப் பிடுங்கும் செலவை அந்த ஆற்றல் ஈடுகட்டிவிடுகிறது.

முன்பு, ஆக்சிஜன் ஒட்டும்போது மேற்பரப்பிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு செம்பு வரிசை காணாமல் போகிறது என்ற கருத்தும் இருந்தது. 1990 வாக்கில் மேற்பரப்பு வேதியியலாளர் கெர்ஹார்டு எர்ட்லின் குழுவினர் உள்ளிட்டோர், அணுக்களையே படம்பிடிக்கும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இந்தச் சங்கிலி வரிசை மேலே புதிதாகச் சேர்வது தெரிந்தது. அப்புறம் ஆக்சிஜன் போதிய அளவு சேர்ந்ததும், சுமார் 5.1 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் சங்கிலிகள் பரப்பு முழுவதும் நிரம்பிவிடும்.